எடை மேடை ஜன்னல்

கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் 11 சீசனாக எடை போட்டுச் சீட்டு எழுதுகிறேன். மே கடைசியில் ஆரம்பித்தால் ஜூலை வரை காவேரிப்பட்டணம், சந்தூர், போச்சம்பள்ளி என்று எல்லாப் பக்கமிருந்தும் பெங்களூரா ரக மாங்காய் லோடு வரிசை கட்டும். அறுத்த காய் வெயிலில் நிற்க நிற்க எடை குறையும், அடியில் கிடப்பது நசுங்கும். வரிசையில் இருக்கிற அத்தனை பேரின் அவசரமும் என் ஜன்னலுக்குத்தான் வந்து சேரும். நானும் சளைக்காமல் கத்துவேன்.

இரண்டு வருஷம் முன்பு ஒரு நாள் காலையில் மேனேஜரிடம் போனில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். ‘சரிங்க சார்’ என்பதற்கு மேல் பேசவில்லை. கொஞ்ச நேரத்தில் லோடு கொண்டுவந்த ஒரு பெரியவர், நசுங்கிய காய்க்காக எடையில் கழித்ததைச் சீட்டில் பார்த்து, “என்ன சாமி, இவ்வளவு கழிவு போட்டிருக்கீங்க?” என்றார். சீட்டைத் தரையில் வீசினேன். அவர் குனிந்து எடுத்து, மண்ணைத் தட்டி, நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான். திருப்பித் திட்டியிருந்தால் அன்றே மறந்திருப்பேன்.

அந்தச் சீசன் முடிந்ததும் சென்னைக்குப் பக்கத்தில் திருமுடிவாக்கத்தில் 10 நாள் விபாசனா தியான வகுப்புக்குப் போனேன். பேச்சு கிடையாது, போன் கிடையாது, விடிகாலை 4 மணிக்கு மணி அடித்துவிடும். முதல் மூன்று நாளும் மூக்கு நுனியில் மூச்சைக் கவனிப்பதுதான் வேலை. அப்புறம் உடம்பெங்கும் என்ன உணர்ச்சி ஓடுகிறது என்று பார்க்கச் சொன்னார்கள். எனக்கு ஓடியது பெரும்பாலும் முட்டிவலி. ஆறாம் நாள் மேனேஜர் ஞாபகம் வந்தபோது காது மடல் சுட்டது, கடைவாய்ப்பல் இறுகியது. கோபம் வாய்க்கு வருமுன் இங்கெல்லாம் வந்துவிட்டுத்தான் வருகிறது என்று அன்றுதான் தெரிந்தது.

சம்யுத்த நிகாயம் என்ற பௌத்த நூலில் ஒரு கதை உண்டு. தன்னைத் திட்டிய பாரத்துவாசர் என்ற பிராமணரிடம் புத்தர், விருந்தினர் ஏற்காத சாப்பாடு யாருக்கு என்று கேட்கிறார். வீட்டுக்காரருக்கே என்கிறார் அவர். நானும் உன் வசவை ஏற்கவில்லை, உனக்கே என்கிறார் புத்தர். எல்லோரும் இதைப் புத்தரின் இடத்தில் நின்றே சொல்கிறார்கள். என் ஜன்னலில் தட்டை நீட்டியவன் நான்.

இன்னொன்றும் உறைத்தது. மேனேஜரிடம் இத்தனை வருஷமாக நான் கோபத்தை அடக்கிக்கொண்டுதான் இருந்தேன். அதற்கு எந்தத் தியானமும் தேவைப்படவில்லை. ‘செல்இடத்துக் காப்பான் சினங்காப்பான்’, கோபம் பலிக்கிற இடத்தில் அடக்குபவனே அடக்குபவன் என்று பள்ளியில் மனப்பாடம் செய்ததுதான். செல்லாத இடத்தில் அடக்குவதை வள்ளுவர் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

இப்போதும் காது சுடுகிறது. சுட்டால் பேனாவை வைத்துவிட்டு மூன்று மூச்சு விடுகிறேன். வரிசையில் ஹாரன் அடிப்பார்கள், அடிக்கட்டும். கழிவைக் குறைக்க எனக்கு அதிகாரமில்லை. யாராவது கேட்டால் எழுந்து போய் லோடின் அடியில் நசுங்கிய காயைக் காட்டுகிறேன். சிலர் ஒத்துக்கொள்வார்கள், சிலர் முணுமுணுத்துக்கொண்டே போவார்கள்.

அந்தப் பெரியவர் அப்புறம் வரவில்லை. இந்தப் பக்கம் வேறு ஆலைகளும் இருக்கின்றன.