ஒரு புள்ளி, நான்கு ஆச்சரியக்குறிகள்

சிஸ்கோவின் நெட்வொர்க்கிங் சான்றிதழான சிசிஎன்ஏ தேர்வுக்குப் படிக்கிறேன் என்றால் எதிரில் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி, "சப்நெட்டிங் வருமா?", அதாவது ஒரு நெட்வொர்க்கைச் சிறு பகுதிகளாகப் பிரிக்கும் கணக்கு வருமா என்பதுதான். அந்தப் பயத்தைக் கிளப்பிவிட்டது யாரோ தெரியவில்லை. ஹெல்ப் டெஸ்கில் வேலை பார்த்துக்கொண்டே, ஷிப்ட் முடிந்த பிறகு படித்துத் தேறியவன் நான். என்னைக் கேட்டால் சப்நெட்டிங் வெறும் கணக்கு, கை பழகினால் தானாக வந்துவிடும். பலருக்கும் கடைசிவரை பிடிபடாமல் போவது வேறொன்று. ஒரு கணினி எந்தப் பேக்கெட்டை, அதாவது தகவல் துண்டை, அனுப்புவதற்கு முன்பும், "சேரவேண்டிய முகவரி என் நெட்வொர்க்குக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா?" என்று பார்க்கிறது. உள்ளே என்றால் ஏஆர்பி என்ற விசாரிக்கும் முறை மூலம் அந்தக் கருவியின் மேக் முகவரியை (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்ணை) கேட்டு வாங்கி நேரே அனுப்பும். வெளியே என்றால் கேட்வேயிடம், அதாவது வெளியே போகும் வாசலான ரூட்டரிடம், தள்ளிவிடும். ஸ்விட்ச், விலேன் (ஒரே ஸ்விட்சைத் தனித்தனி நெட்வொர்க்குகளாகப் பிரிப்பது), ரூட்டிங் (போகும் வழியைத் தேர்வது) என்று பாடத்திட்டத்தில் வரும் பெரிய தலைப்புகள் எல்லாம் இந்த ஒரு முடிவைச் சுற்றித்தான் ஓடுகின்றன.

புத்தகத்தில் ஏஆர்பிக்கு ஒரு படம், இரண்டு பத்தி. படித்ததும் புரிந்த மாதிரியே இருக்கும். எனக்கு அது உண்மையில் புரிந்தது பேக்கெட் டிரேசரில், அதாவது சிஸ்கோ இலவசமாகத் தரும் அந்த சிமுலேட்டரில்தான். ஒரு ரூட்டர், ஒரு ஸ்விட்ச், ஒரு கணினி. எல்லாவற்றையும் சரியாக அமைத்துவிட்டு ரூட்டரிலிருந்து கணினிக்கு பிங் அடித்தால் (பதில் வருகிறதா என்று ஐந்து பேக்கெட் அனுப்பிப் பார்த்தால்), திரையில் முதலில் ஒரு புள்ளி, பிறகு நான்கு ஆச்சரியக்குறிகள். புள்ளி என்றால் பதில் இல்லை, ஆச்சரியக்குறி என்றால் பதில் வந்தது. ஐந்தில் நான்கு, 80 சதவீதம். மறுபடி அடித்தால் ஐந்தும் ஆச்சரியக்குறி. முதல் பேக்கெட் எங்கே போனது? எங்கேயும் போகவில்லை. கணினியின் மேக் முகவரி ரூட்டருக்கு அப்போது தெரியாது. அதைக் கேட்டு ஏஆர்பி போய்வருவதற்குள் முதல் பேக்கெட் கைவிடப்பட்டுவிட்டது. இரண்டாம் முறை ஏஆர்பி டேபிளில் பதில் ஏற்கெனவே இருக்கிறது. இந்தப் புள்ளியைப் பார்த்து "ஏன்?" என்று கேட்காமல் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டால், லேப் செய்ததன் பலனில் பெரும்பகுதி போய்விடும் என்பேன்.

படிப்பு வேலைக்கு உதவுமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒரு பிரின்டர் கதை. ஒரே தளத்தில் சிலருக்குப் பிரின்ட் வருகிறது, சிலருக்கு வரவில்லை என்று டிக்கெட் வந்தது. டிரைவரை நீக்கி மறுபடி போட்டாயிற்று, கேபிளை மாற்றியாயிற்று, பிரின்டரை அணைத்து ஏற்றியாயிற்று. பிங் அடித்தாலும் அதே கதைதான், சிலருக்குப் பதில் வந்தது, சிலருக்கு வரவில்லை. அன்று படித்துக்கொண்டிருந்த பாடத்தின் புண்ணியத்தில், வருபவர்கள் வராதவர்கள் இருவரின் ஐபி முகவரிகளையும் ஒரு தாளில் எழுதினேன். பிரின்ட் வந்த எல்லாருக்கும் கடைசி எண் 128க்கு மேல். வராதவர்களுக்கு அதற்குக் கீழ்.

அப்புறம் என்ன, பிரின்டரின் மெனுவில் போய்ப் பார்த்தால் போதும். பிரின்டரின் முகவரி 192.168.10.150. மாஸ்க் என்பது முகவரியில் எந்தப் பகுதி நெட்வொர்க்கைக் குறிக்கிறது என்று சொல்லும் எண். மற்ற எல்லாக் கணினிகளுக்கும் அது 255.255.255.0 என்று இருக்க, கையால் முகவரி கொடுத்த யாரோ பிரின்டருக்கு மட்டும் 255.255.255.128 என்று போட்டிருந்தார்கள். அதனால் பிரின்டரின் கணக்கில் அதன் நெட்வொர்க் 128இல் தொடங்கி 255இல் முடிந்துவிடுகிறது. கடைசி எண் 20 உள்ள ஒரு கணினி "பிரின்டர் என் நெட்வொர்க்கில்தான் இருக்கிறது" என்று நேரே அனுப்புகிறது. பிரின்டரோ "20 வெளியூர் ஆள்" என்று பதிலைக் கேட்வேயிடம் கொடுக்கப் பார்க்கிறது. கேட்வேயின் முகவரி 192.168.10.1, அதுவும் பிரின்டரின் கணக்கில் வெளியே இருக்கிறது. பதில் கிளம்பவே வழியில்லை. மாஸ்க்கில் ஒரு எண்ணை மாற்றியதும் டிக்கெட் மூடப்பட்டது. பேக்கெட் போவதற்கு ஒரு முடிவு, பதில் திரும்புவதற்குத் தனியாக இன்னொரு முடிவு என்பதை இதைவிடத் தெளிவாக எந்த வீடியோவும் எனக்குக் காட்டியதில்லை.

சரி, கணக்கு வேண்டாமா என்றால், வேண்டும். தேர்வுக்கு 120 நிமிடம். ஒரு கேள்விக்குப் பதில் கொடுத்து நகர்ந்துவிட்டால் திரும்பிப் போய்த் திருத்த முடியாது. 192.168.10.77, மாஸ்க் ஸ்லாஷ் 26 (முகவரியின் 32 பிட்டில் முதல் 26 நெட்வொர்க்குக்கு) என்று பார்த்ததும் தாள் தேடக்கூடாது. 64, 64ஆகப் போகும், 77 விழுவது 64க்கும் 127க்கும் நடுவில், நெட்வொர்க் 64, எல்லாருக்கும் ஒரேயடியாக அனுப்பும் பிராட்காஸ்ட் முகவரி 127, கணினிகளுக்குக் கிடைப்பது 62 முகவரிகள் என்று மனம் ஓட வேண்டும். டீ குடிக்கும் இடைவேளையில் எதையாவது ஒரு முகவரியை எழுதிப் போட்டுப் பார்த்தே இது எனக்கு வந்தது.

பாடத்திட்டத்தில் அதிக எடை ரூட்டிங் வரும் ஐபி கனெக்டிவிட்டிக்கு, 25 சதவீதம். ஆட்டோமேஷனுக்கு 10 சதவீதம்தான் என்று பலர் அதைக் கைவிடுகிறார்கள். ஜேசான் என்ற தரவு வடிவத்தைப் படிக்கத் தெரிவது போன்ற சுலபமான மதிப்பெண்கள் அங்கேதான் இருக்கின்றன. ரூட்டிங்கில் எல்லாரும் மனப்பாடம் செய்யும் எண்கள் உண்டு, எந்த வகை வழியை எவ்வளவு நம்பலாம் என்று சொல்பவை: கையால் எழுதும் ஸ்டாட்டிக்குக்கு 1, ரூட்டர்கள் தங்களுக்குள் பேசி வழி கற்கும் ஓஎஸ்பிஎஃப்புக்கு 110 என்று. குறைந்த எண்தான் ஜெயிக்கும் என்று நினைத்துக்கொண்டு போனால் மாட்டிக்கொள்வோம். 10.1.1.5க்குப் போக 10.1.0.0 ஸ்லாஷ் 16 என்று ஒரு ஸ்டாட்டிக் ரூட்டும், 10.1.1.0 ஸ்லாஷ் 24 என்று ஓஎஸ்பிஎஃப் ரூட்டும் இருந்தால், பேக்கெட் போவது ஓஎஸ்பிஎஃப் வழியில். நீளமான பொருத்தம்தான், அதாவது ஸ்லாஷுக்குப் பின் பெரிய எண் உள்ள ரூட்தான், முதலில் பார்க்கப்படும். இரண்டும் ஒரே நீளமாக இருந்தால்தான் அந்த எண்களுக்கு வேலை.

என்னோடு படித்த சக ஊழியர் ஒருவர் நல்ல யோசனை சொன்னார். ஆளுக்கொரு லேப் கட்டி, அதில் எதையாவது உடைத்து, மற்றவரிடம் கொடுப்பது. பல விலேன்களைச் சுமக்கும் இணைப்பான டிரங்கில் ஒரு விலேனை மட்டும் எடுத்துவிடுவார். ஒரு பக்கம் ஓஎஸ்பிஎஃப் ஹலோ நேரத்தை (ரூட்டர்கள் ஒன்றையொன்று நலம் விசாரிக்கும் இடைவெளியை) 10 நொடியிலிருந்து 15 ஆக்கிவிடுவார், இரண்டு ரூட்டரும் அண்டை வீட்டாராகவே மாட்டா. கண்டுபிடிப்பவர் முழு கான்ஃபிகரேஷனைத் திறந்து பார்க்கக்கூடாது என்பது விதி. "ஷோ ஐபி இன்டர்ஃபேஸ் பிரீஃப்", "ஷோ இன்டர்ஃபேஸ் டிரங்க்" மாதிரியான கட்டளைகளை வைத்தே பிடிக்க வேண்டும். ஆளுக்கு ஆள் பழிவாங்கலாகவே போய்விட்டது. ஆனால் எந்த அறிகுறிக்கு எந்தக் கட்டளை என்ற பழக்கம் இப்படித்தான் வந்தது.

டம்ப் பற்றியும் ஒரு வார்த்தை. கசிந்த கேள்வித்தாளை மனப்பாடம் செய்து தேறுகிறவர்கள் இருக்கிறார்கள். பிடிபட்டால் சான்றிதழ் ரத்தாகும், அது ஒரு பக்கம். நேர்முகத் தேர்வில், "பிரவுசரில் ஒரு முகவரியைத் தட்டியதும் என்ன நடக்கிறது, சொல்லுங்கள்" என்று சாதாரணமாகத்தான் கேட்பார்கள். டம்ப் படித்து வந்தவர்கள் பெயரை ஐபி முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் என்று தொடங்குவார்கள், கேட்வேயின் மேக் முகவரி எப்படிக் கிடைத்தது என்ற இடத்தில் நின்றுவிடுவார்கள். அருகில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

சிஸ்கோ வேண்டாம், எந்த நிறுவனத்தையும் சாராத பாடம் வேண்டும் என்பவர்களுக்குக் காம்ப்டியாவின் நெட்வொர்க் பிளஸ் இருக்கிறது. அதிகபட்சம் 90 கேள்விகள், 90 நிமிடம், 900க்கு 720 எடுத்தால் தேர்ச்சி. ரூட்டரில் கை வைக்கும் வேலைக்குப் போகிறவர்களுக்கு நான் சிசிஎன்ஏவைத்தான் சொல்வேன், கட்டளைகளை அடித்துப் பழக வைக்கிறது.

சான்றிதழ் மூன்று வருடம்தான் செல்லும். புதுப்பிக்க அதே தேர்வை மறுபடி எழுதலாம், 30 கிரெடிட்டுக்குப் பயிற்சி முடிக்கலாம், இல்லையென்றால் மேல்நிலைத் தேர்வுகளில் ஒன்றைத் தேறலாம். எனக்கு மூன்றாவதுதான் பிடித்திருக்கிறது. எப்படியும் ஓஎஸ்பிஎஃப்பை மறுபடி முதலிலிருந்து படிக்கத்தான் போகிறேன், உடைத்துக் கொடுக்க அந்த சக ஊழியரும் சம்மதித்திருக்கிறார்.