நாற்பதைத் தாண்டி மோட்டார் வைண்டிங் கற்க வருபவர்களுக்கு

கருகிய மோட்டாரின் செம்புக் கம்பிச் சுருளை எடுத்துவிட்டுப் புதிதாகச் சுற்றுவதுதான் வைண்டிங். முதல் அலைச்சலைச் சொல்லிவிடுகிறேன், நீங்களாவது அலையாமல் இருக்கலாம். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், டிசி, சாதிச் சான்றிதழ் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு அரசு ஐடிஐக்குப் போய் அரை நாள் நின்ற பிறகுதான் தெரிந்தது: ஆண்களுக்கு 40 வயது வரைதான் சேர்க்கை. எனக்கு 43. பெண்களுக்கு உச்ச வயது வரம்பு இல்லை, அவர்கள் தாராளமாக அந்த வழியில் போகலாம்.

பிறகு மிஞ்சியது கடையில் சேர்ந்து கற்பதுதான். கோவையில் வைண்டிங் கடைக்குப் பஞ்சமில்லை, இடம் கிடைத்துவிட்டது. சேர்ந்த தேதியை முதல் நாளே எழுதி வாங்கி வையுங்கள். வீட்டு வயரிங்கும் சேர்த்துக் கற்றுப் பின்னால் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு எழுத நினைத்தால், 21 வயது நிரம்பியிருந்தால் போதும், மேல் வரம்பு கிடையாது. ஆனால் வயரிங் வேலையில் 5 ஆண்டு அனுபவம் கேட்பார்கள். தேதி இல்லாத அனுபவத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

வேலைக்கு வருவோம். காயில் (கம்பிச் சுருள்) சுற்றுவது இரண்டு வாரத்தில் கைக்கு வந்துவிடும். மோட்டார் திரும்பி வருவது பெரும்பாலும் பழைய காயிலைப் பிரிக்கும்போது செய்த தவறால்தான். நான் சுற்றிய முதல் 1 ஹெச்பி மோனோபிளாக் (மோட்டாரும் பம்பும் ஒன்றாக இருப்பது) அப்படித்தான் திரும்பி வந்தது. காரணம், கம்பியின் கேஜ், அதாவது தடிமனைச் சொல்லும் எண்.

பழைய கம்பியை மைக்ரோமீட்டரில் அளந்தால் 0.68 மி.மீ. காட்டியது. அட்டவணையில் 22 கேஜ் 0.711, 23 கேஜ் 0.610. 0.68-க்குப் பக்கத்தில் இருப்பது 22தானே என்று அதையே வாங்கினேன். அது கம்பி மேலுள்ள காப்புப் பூச்சான எனாமலோடு சேர்த்து அளந்த அளவு. தீக்குச்சியால் நுனியைச் சுட்டு, கரியைத் துணியால் மெல்லத் துடைத்து, செம்பை மட்டும் அளந்திருந்தால் 0.61 என்று வந்திருக்கும். உப்புத்தாளைப் போட்டுத் தேய்க்காதீர்கள், செம்பும் சேர்ந்து தேய்ந்து அடுத்த கேஜுக்குப் போய்விடும்.

ஒரே ஒரு கேஜ்தானே என்று தோன்றும். ஆனால் 22 கேஜின் குறுக்குப் பரப்பு 23-ஐவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதிகம். ஸ்லாட்டில் (காயில் உட்காரும் இரும்புப் பள்ளத்தில்) அடங்கவே அடங்காது. அடங்காததால் ஒவ்வொரு காயிலிலும் சில சுற்றுகளைக் குறைத்தேன். பெரிய தப்பு அதுதான். சுற்று குறைந்தால் இரும்பில் காந்தப்புலம் ஏறும், ஒரு அளவுக்கு மேல் இரும்பு தாங்காது, ஆம்பியர் குபீரென்று எகிறும். நேம் பிளேட்டில் 7 ஆம்பியர் போட்டிருந்த மோட்டார், லோடு இல்லாமலேயே 7-ஐத் தொட்டது. தண்ணீர் இழுத்த பத்தாவது நாள் கருகிவிட்டது.

அதனால் கத்திரிக்கோலை எடுக்குமுன் நோட்டை எடுங்கள். நேம் பிளேட் விவரம், கெப்பாசிட்டர் எத்தனை மைக்ரோஃபாரட், ஸ்லாட் எண்ணிக்கை, கம்பி ஒற்றையா இரட்டையா, லீட் எந்தப் பக்கம் வெளியே வருகிறது, காயில் தலை எவ்வளவு உயரம், எல்லாம் எழுத வேண்டும். 24 ஸ்லாட், 2 போல் (இரண்டு துருவ) மோட்டாரில் ரன்னிங் காயில், அதாவது மோட்டாரை ஓட்டும் முக்கியக் காயில், 1–12, 2–11, 3–10, 4–9 ஆம் ஸ்லாட்டுகளில் ஒன்றுக்குள் ஒன்றாக உட்காரும். நான்குக்கும் சுற்று எண்ணிக்கை வேறு வேறு, தனித்தனியே எண்ணுங்கள். கருகிய காயிலில் கம்பி அறுந்து எண்ணிக்கை தவறும், எதிர்ப்பக்கத்தில் இதே போல் இருக்கும் நான்கு காயில் கூட்டத்தையும் எண்ணி ஒப்பிடுங்கள். எடுத்த பழைய செம்பை எடை போட்டு வையுங்கள். புதிதாகச் சுற்றியது அதிலிருந்து வெகுவாக விலகினால் எங்கோ பிழை இருக்கிறது.

பழைய காயிலை எடுக்க ஸ்டேட்டரை (காயில் உட்காரும், சுற்றாத இரும்புப் பாகத்தை) தீயில் போடும் பழக்கம் சில கடைகளில் உண்டு. வேலை சீக்கிரம் முடியும், ஆனால் தகடுகளுக்கு இடையிலுள்ள பூச்சு எரிந்துபோய் அந்த மோட்டார் பிறகு என்ன செய்தாலும் சூடாகும். ஒரு பக்கத் தலையை உளியால் வெட்டி, மறுபக்கம் ஹீட் கன் காட்டி இழுங்கள். நேரம் பிடிக்கும், பரவாயில்லை.

ஸ்லாட் பேப்பர் இரு பக்கமும் 3 முதல் 5 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அளவாக வெட்டினால் கம்பி ஸ்லாட் விளிம்பில் உரசி பாடி ஷார்ட் ஆகும், அதாவது மோட்டார் உடம்பில் கரண்ட் பாயும். கம்பியை உள்ளே தள்ள மூங்கில் குச்சி மட்டும்தான், ஸ்க்ரூ டிரைவர் கூடவே கூடாது.

அடுத்த மோட்டாரில் அகப்பட்டது கனெக்‌ஷன். ஸ்விட்ச் போட்டால் உறுமுகிறது, சுற்றவில்லை. ஒரே திசையில் சுற்றிய இரண்டு ரன்னிங் கூட்டங்களை முடிவோடு முடிவு சேர்க்க வேண்டும். நான் முடிவோடு தொடக்கத்தைச் சேர்த்திருந்தேன், இரண்டும் ஒரே துருவமாகிவிட்டது. இதை மெயின் கரண்ட் கொடுக்காமலே கண்டுபிடிக்கலாம். ரன்னிங்குக்கு 12 வோல்ட் பேட்டரியைச் சில விநாடி கொடுத்து, ஸ்டேட்டருக்குள் சின்னத் திசைகாட்டியைப் பிடியுங்கள். 6, 7-ஆம் ஸ்லாட்டுக்கு நடுவில் சிவப்பு முனை இரும்பைப் பார்த்தால், எதிரே 18, 19-க்கு நடுவில் மறுமுனை இரும்பைப் பார்க்க வேண்டும். வார்னிஷ் ஊற்றுமுன் இதைச் செய்யுங்கள், ஊற்றிய பிறகு தெரிந்து பயனில்லை. எண்ட் கவரையும் அப்போதே மாட்டிப் பாருங்கள், காயில் தலை இடித்தால் அந்த நேரத்தில்தான் தட்டிச் சரிசெய்ய முடியும்.

நாற்பதுக்கு மேல் வருகிறவர்களுக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி கட்டாயம். நுனியில் எனாமல் போயிருக்கிறதா என்பது வெறுங்கண்ணுக்குத் தெரியாது. எனாமல் மிச்சமிருந்தால் ஈயம் ஒட்டாது, ஒட்டியதுபோல் இருந்து ஒரு மாதத்தில் விட்டுவிடும்.

கருகி வந்த மோட்டாரையும் படியுங்கள். ஸ்டார்ட்டிங் காயில் மட்டும் கருத்திருந்தால் கெப்பாசிட்டரைச் சோதியுங்கள். ஸ்டார் கனெக்‌ஷன் மூன்று ஃபேஸ் மோட்டாரில் இரண்டு ஃபேஸ் கருகி ஒன்று பளிச்சென்று இருந்தால், லைனில் ஒரு ஃபேஸ் போயிருக்கிறது. அதை உரிமையாளரிடம் சொல்லாமல் கொடுத்தால் மோட்டார் மறுபடி உங்களிடமே வரும், பழியும் சேர்ந்து வரும்.

அந்த முதல் மோட்டாரை என் செலவில் 23 கேஜில், முழுச் சுற்றோடு மறுபடி சுற்றிக் கொடுத்தேன். லோடு இல்லாமல் கிளாம்ப் மீட்டர் 4.6 காட்டியது. அரை மணி நேரம் ஓடவிட்டுப் பாடியில் கை வைத்தேன், கையை எடுக்க வேண்டிய அளவுக்குச் சுடவில்லை.