நடுவதற்கு வந்தவர்கள் பிடுங்குவதற்கும் வாருங்கள்

இந்தியப் பெருங்கடலிலுள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில், ஏல்-பூர் என்ற மலைக் கிராமத்துக்கு மேலுள்ள சரிவில் மரக்கன்று நடும் நாள் என்று அறிவித்தால் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. கடற்கரை ஊர்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். பிள்ளைகள் ஆளுக்கொரு கன்றைப் பிடித்தபடி படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதே சரிவுக்குக் களை பிடுங்கக் கூப்பிட்டால், வழக்கமாக வரும் நாங்கள் சிலர்தான். அந்த இரண்டாவது நாளுக்கு ஆள் சேர்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பிறந்தது காரைக்காலில். திருமணமாகி இந்தத் தீவுக்கு வந்தேன். வீடு சேன்-ஆந்த்ரேயில், கரும்புக் காடுகளுக்குப் பக்கத்தில். அங்கிருந்து ரிவியேர் து மா ஆற்றை ஒட்டி மேலே ஏறும் சாலை ஒன்றுதான் ஏல்-பூர் இருக்கும் சலாசிப் பகுதிக்கு வழி. சுற்றிலும் செங்குத்தான பாறைச் சுவர்கள். இங்கே ராம்பார் என்பார்கள். நடுவில் கிராமங்கள், வீட்டுக்கு வீடு சௌசௌ பந்தல்கள். பலத்த மழையில் மேலிருந்து கற்கள் உருண்டால் சாலையை மூடிவிடுவார்கள். பிறகு மருத்துவமனைக்குப் போவதானாலும் காத்திருக்க வேண்டியதுதான்.

இங்கே மழை என்பது நம் ஊர் மழை அல்ல. பக்கத்துப் பள்ளத்தாக்கான சிலாவோஸில் 1952 மார்ச்சில் 24 மணி நேரத்தில் 1,870 மில்லிமீட்டர் பெய்திருக்கிறது. காரைக்காலில் வழக்கமாக ஓராண்டு முழுக்கப் பெய்வதே அந்த அளவுக்கு வராது. அப்படிப்பட்ட மழை நேராக வெற்று மண்ணில் இறங்கினால் என்ன ஆகும்? இலைகளும் மரப்பெரணிகளும் பாசியும் அதன் வேகத்தைத் தணிக்கின்றன; பல ஆழங்களில் ஓடும் வேர்கள் மேல்மண்ணைப் பிடித்துக்கொள்கின்றன; உருளும் சிறு கற்கள் அடிமரங்களில் முட்டி நின்றுவிடுகின்றன. ஆனால் காட்டால் எல்லாவற்றையும் தடுக்க முடியும் என்று சொல்ல மாட்டேன். 1875 நவம்பரில் இதே சலாசியில் கிராண் சாப்ல் என்ற குடியிருப்பின் மீது மலையின் ஒரு பகுதியே பெயர்ந்து விழுந்தது. அறுபதுக்கும் மேற்பட்டோர் புதைந்தார்கள். அதை எந்த மரமும் நிறுத்தியிருக்காது. காடு காப்பது ஆண்டுதோறும் வரும் சிறிய சரிவுகளிலிருந்து. இங்குள்ளவர்கள் ஒவ்வொரு புயல் பருவத்திலும் அஞ்சுவதும் அவற்றுக்குத்தான்.

அந்தக் காட்டை இப்போது அரிப்பது கோடரி அல்ல, வெளியிலிருந்து வந்த செடிகள். முதலாவது கோயாவியே, பிரேசிலிலிருந்து வந்த சிறிய சிவப்புக் கொய்யா. நெருக்கமாக முளைத்துத் தன் நிழலில் வேறு எதையும் தலையெடுக்க விடாது. முதிர்ந்த காட்டு மரம் ஒன்று புயலில் விழுந்தால், அந்த இடத்தில் அதன் வாரிசுக்குப் பதில் கோயாவியேதான் எழுகிறது. அடுத்தது த்ரோயேன் என்ற புதர்மரம். இதன் தாயகம் இலங்கை. இவற்றின் பழங்களைத் தின்று விதைகளை மலை முழுக்கப் பரப்புவதில் செம்மீசைச் சின்னானுக்குப் பெரும் பங்கு. நீலகிரியில் கொண்டையை ஆட்டிக்கொண்டு பாடும் அதே பறவைதான். மொரீஷியஸ் வழியாக 1970-களில் இங்கே வந்து சேர்ந்தது. எனக்குப் பிடித்த பறவை, இன்றும் பிடிக்கும்.

கோயாவியேயை வெட்டுகிறோம் என்று சொன்னதும் என் மாமியார் முகம் வாடிவிட்டது. அவர் சிறுமியாக இருந்தபோது, பழக்காலம் வந்தால் வாளி எடுத்துக்கொண்டு மலைக்குப் போவார்களாம். இன்றும் ஜாம் காய்ச்சி உறவினர் வீடுகளுக்கெல்லாம் அனுப்புகிறார். பிளேன்-தே-பால்மீஸ்த் ஊரில் அந்தப் பழத்துக்கு விழாவே எடுக்கிறார்கள். "பழம் கொடுக்கிற மரத்தை வெட்டலாமா அம்மா?" என்று கேட்டார். "தோட்டத்தில் வைத்து வளர்ப்பதை யாரும் கேட்கவில்லை மாமி, ஊருக்கு மேலே இருக்கும் காட்டில்தான் வேண்டாம் என்கிறோம்" என்றேன். அவருக்கு முழுச் சம்மதம் இல்லை. ஆனாலும் நான் போகும் நாட்களில் எங்கள் குழுவுக்கென்று ஒரு தூக்கு நிறையப் புளிச்சோறு கட்டித்தருகிறார்.

வேலை நுணுக்கமானது. தேசியப் பூங்கா எல்லைக்குள் யாரும் தன்னிச்சையாகக் கத்தி வைக்க முடியாது. வனத்துறை காட்டும் பகுதியில், தெரிந்தவர் ஒருவரோடுதான் போகிறோம். எங்களை அழைத்துச் செல்பவர் ஏல்-பூரிலேயே பிறந்த முதியவர். அவர் முதலில் கற்றுத்தருவது, பட்டை உரிவதைப் பார்த்து மரத்தை வெட்டாதே என்பதை. கோயாவியேவுக்கும் பட்டை உரியும். மண்ணின் மரமான ஷான்ஷ்-எகோர்ஸுக்கும் உரியும். இலையைப் பார்க்க வேண்டும். கோயாவியே இலைகள் எதிரெதிராக, ஓரம் மழமழவென்று இருக்கும். மற்றதில் மாறி மாறி, விளிம்பில் சிறு பற்களோடு. ஷான்ஷ்-எகோர்ஸின் இலையைக் காய்ச்சிக் குடிப்பது இங்குள்ளவர்களின் கைவைத்தியம்.

சிறு நாற்றுகளை வேரோடு பிடுங்கி, வேர் மண்ணைத் தொடாதபடி கிளைகளின் மேல் போட்டுவிடுகிறோம். தடித்ததை வெறுமனே வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். அதனால் அதே இடத்துக்குத் திரும்ப வந்தே ஆக வேண்டும். மஞ்சள் நிறத்தில் பூக்கும் லோங்கோஸ் என்னும் செடி இன்னும் பிடிவாதம். இஞ்சிக் குடும்பத்தது, கிழங்கில் ஒரு துண்டு மண்ணில் தங்கினாலும் முளைத்துவிடும். முழுதாகத் தோண்டிக் கோணிப்பையில் கீழே சுமந்து வருகிறோம். செங்குத்தான சரிவில் எல்லாவற்றையும் ஒரே நாளில் அகற்றவும் கூடாது. மண் திறந்துகிடந்தால் அடுத்த மழை அதை ஆற்றில் சேர்த்துவிடும். சிறு சிறு திட்டாகத்தான் திறக்க வேண்டும். திறந்த இடத்தில் உடனே புவா த ராம்பார் போன்ற, பாறைச் சரிவிலும் வேர் பிடிக்கும் மண்ணின் மரங்களை வைக்க வேண்டும். வைத்த கன்று தன்னைச் சுற்றியுள்ள களையைவிட உயரமாகும்வரை ஆண்டுகள் பிடிக்கும். அதுவரை அதற்கு மனிதக் கைதான் துணை. நட்டுவிட்டுப் போனவர்களில் பலருக்கு இது தெரியாது. அவர்கள் மேல் குறை சொல்லவில்லை, யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

மே முதல் நவம்பர் வரை மழை குறைவு. அந்த மாதங்களில்தான் களையெடுப்பு. முழுக்கைச் சட்டை, பிடிமானமுள்ள காலணி, தோல் கையுறை, குடிநீர் போதும். கருவிகள் அங்கே இருக்கும். செருப்போடு வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளை அழைத்து வாருங்கள், நாற்றுகளை அடையாளம் காண்பதில் அவர்கள் கண் நம்மைவிடக் கூர்மை. சரிவில் ஏற முடியாத பெரியவர்களுக்குக் கீழே நாற்றங்காலில் பைகளில் மண் நிரப்பும் வேலை இருக்கிறது. அங்கே எப்போதும் ஆள் போதுவதில்லை.