ஏற்காட்டுக் குளிரில் கிளம்பாத பழைய டீசல் ஜீப்: நோயைக் கண்டுபிடித்த விதம்

எங்கள் வீட்டு ஜீப் சேலத்தில் ராத்திரி நின்றால் காலையில் சாவியைத் திருப்பியதுமே கிளம்பிவிடும். ஏற்காட்டில் நின்றால்தான் உயிரை வாங்கும். பழைய பெஜோ எஞ்சின் வண்டி, காப்பி மூட்டைக்கும் ஆள் ஏற்றவும் அப்பா காலத்திலிருந்து ஓடுகிறது. மார்கழி பிறந்துவிட்டால் செல்ஃப் மோட்டார் நன்றாகச் சுற்றும், ஆனால் எஞ்சின் பிடிக்காது. ஒரு வழியாகப் பிடித்தாலும் வண்டியே ஆடும், வெள்ளைப் புகை கிளம்பும், உள்ளே சுத்தியலால் தட்டுகிற மாதிரி சத்தம் கேட்கும், அதோடு முன்பக்கம் ஒரு கீச்சும் மேடு ஏறும்போது ஒரு டிக் டிக்கும் வேறு. பார்த்தவர்கள் எல்லாரும் டீசல் பம்ப் போய்விட்டது என்றார்கள், ஒருவர் எஞ்சினையே இறக்கச் சொன்னார்.

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் இருக்கும் ஒரு வயதான டீசல் மெக்கானிக்தான் சரியான பேச்சைப் பேசினார். "தம்பி, இருபது கொண்டை ஊசியும் இறங்கி வண்டி சூடா வந்து நிக்குது, எனக்கு எங்கே அது நோயைக் காட்டும்? ராத்திரி இங்கேயே விட்டாலும் காலையில சமர்த்தா எந்திரிச்சுக்கும். நீயே மேலே வெச்சுப் பாத்து எழுதிக்கிட்டு வா." அவர் எதையெதைப் பார்க்கச் சொன்னாரோ அதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன், மலையில் பழைய டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு உதவும்.

முதலில் செல்ஃப் சுற்றும் வேகம். இழுத்து இழுத்துச் சுற்றினால் டீசல் பக்கமே போகாதீர்கள், பேட்டரியையும் எர்த் வயரையும் பாருங்கள். சும்மா இருக்கும்போது பேட்டரியில் 12.6 வோல்ட் வர வேண்டும், செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழக்கூடாது. எங்கள் வண்டியில் டெர்மினலைத் தேய்த்துச் சுத்தம் செய்ததும் இது சரியாக இருந்தது.

அடுத்தது புகை, இதைத்தான் நான் ரொம்ப நேரம் பார்த்தேன். செல்ஃப் அடிக்கும்போது சைலன்சரில் புகையே வரவில்லை என்றால் டீசல் எஞ்சினுக்குப் போகவில்லை. கண்ணைக் கரிக்கிற வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, ஆனால் எரியவில்லை. இரண்டும் வேறு வேறு நோய். எங்கள் வண்டி சில நாள் புகையே விடாது, சில நாள் எடுத்த எடுப்பிலேயே வெள்ளையாக விடும், அதுதான் எல்லாரையும் குழப்பியது. எந்தக் காலையில் எது என்று தேதி போட்டு, வண்டி நின்ற இடத்தையும் சேர்த்து எழுதினேன். வீட்டு வாசல் மேட்டில் மூக்கு மேலே பார்க்க நிறுத்திய நாட்களில் புகை வரவில்லை, சமதளத்தில் நிறுத்திய நாட்களில் வெள்ளைப் புகை வந்தது. அதாவது ஒரு கோளாறு குளிரால், இன்னொன்று சரிவால்!

சரிவு விஷயம் இப்படி. டேங்க் பின்னால் தாழ இருக்கிறது, பம்ப் முன்னால் மேலே. லைனில் எங்காவது ஒரு துளி காற்று உள்ளே புகுந்தால் போதும், ராத்திரி முழுக்க டீசல் மெல்லத் திரும்பி டேங்குக்கே இறங்கிவிடும். வெளியே ஒரு சொட்டு ஒழுகாது, காற்றை உள்ளே இழுக்குமே தவிர டீசலை வெளியே விடாது, அதனால் ஈரத்தைத் தேடி எந்தப் பயனும் இல்லை. ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் டீசல் தாங்குகிற, உள்ளே ஓடுவது தெரிகிற குழாய் ஒன்றைத் தற்காலிகமாக மாட்டினேன், காலையில் அதில் குமிழ் குமிழாகக் காற்று. வண்டியை மூக்கு கீழே பார்க்க நிறுத்தினாலோ ஹேண்ட் பிரைமரை (கையால் அடித்து டீசலை ஏற்றும் சின்னப் பம்ப்) கெட்டியாகும்வரை அடித்துவிட்டுச் செல்ஃப் அடித்தாலோ புகை உடனே வந்தது. ஃபில்டர் தலையில் இருந்த காப்பர் வாஷர்கள் தேய்ந்திருந்தன, பழைய ரப்பர் ஹோஸ் ஒன்று விரிசல் விட்டிருந்தது. இரண்டும் சில்லறைச் செலவு. பம்பை இறக்கியிருந்தால் ஆயிரக்கணக்கில் போயிருக்கும், நோயும் அப்படியே இருந்திருக்கும்.

வெள்ளைப் புகைக்குக் காரணம் ஹீட்டர் பிளக், கிளம்புவதற்கு முன் எஞ்சினுக்குள் சூடேற்றுகிற பிளக், சிலிண்டருக்கு ஒன்று. இந்த மாதிரிப் பழைய எஞ்சினில் டீசல் ஒரு சின்ன அறைக்குள் பீய்ச்சப்படுகிறது, அந்த அறை ஜில்லென்று இருந்தால் அமுக்கத்தில் வருகிற சூட்டையெல்லாம் அதுவே உறிஞ்சிக்கொள்ளும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், சேலத்தைவிடக் காற்றழுத்தம் கிட்டத்தட்ட ஏழில் ஒரு பங்கு குறைவு, அமுக்குவதற்குக் கிடைக்கிற காற்றே குறைச்சல். கீழே நாலில் இரண்டு பிளக் செத்திருந்தாலும் வண்டி சமாளித்துக் கிளம்பும், மேலே முடியாது. சோதிப்பது சுலபம். நாலையும் இணைக்கிற தகட்டைக் கட்டாயம் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றின் கணக்கு இன்னொன்றில் வரும். பிறகு ஒரு டெஸ்ட் லேம்பின் ஒரு முனையைப் பேட்டரி பிளஸ்ஸிலும் இன்னொன்றைப் பிளக் தலையிலும் வைத்தால், நல்ல பிளக்கில் விளக்கு எரியும், செத்ததில் எரியாது. எங்கள் வண்டியில் இரண்டு எரியவில்லை. நாலையும் மாற்றினோம். மாட்டுவதற்கு முன் ஓட்டையில் படிந்த கரியைச் சுத்தம் செய்யுங்கள், பலம் கொண்ட மட்டும் முறுக்காதீர்கள்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ஏர் கிளீனரில் பெட்ரோல் ஊற்றுவது, எரிகிற துணியைக் காட்டுவது, ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிப்பது எல்லாம் மலையில் பழக்கமாகவே இருக்கிறது. ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சினில் ஸ்பிரே வெடிக்கும், பிஸ்டன் உடையும், ஆளுக்கும் ஆபத்து.

இனி சத்தங்கள். சுத்தியல் தட்டல் பெரும்பாலும் குளிரில் டீசல் தாமதமாகப் பற்றுவதால் வருவது, பிளக் மாற்றியதும் பாதிக்கு மேல் அடங்கிவிட்டது. மிச்சம் இருந்ததற்கு மெக்கானிக் டீசலைப் பீய்ச்சுகிற நாசில்களின் நட்டை ஒவ்வொன்றாகக் கொஞ்சம் தளர்த்திப் பார்த்தார், மூன்றாவதைத் தளர்த்தியபோது தட்டல் நின்றது, ஆக அந்த நாசில்தான். இந்தச் சோதனையை நீங்களே செய்ய வேண்டாம், அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

கீச்சு ஃபேன் பெல்ட். பெல்ட் தளர்ந்திருந்தது உண்மை, ஆனால் காலையில் மட்டும் ஏன்? நீளமாகச் செல்ஃப் அடித்துப் பேட்டரி வடிந்துபோகும், வண்டி பிடித்ததும் டைனமோ முழு மூச்சாகச் சார்ஜ் ஏற்றும், அந்தப் பாரம் தாங்காமல் பெல்ட் வழுக்கும். ஸ்டார்ட்டிங் சரியானதும் பெல்ட்டை இறுக்குவதற்கு முன்னாலேயே கீச்சு குறைந்துவிட்டது.

டிக் டிக் சத்தத்தை மலை ரோட்டில் கேட்க ஒரு வழி உண்டு. ஜன்னலை இறக்கிவிட்டுப் பாறைச் சுவர்ப் பக்கமாக ஏறும்போது கேளுங்கள், பாறையில் பட்டுத் திரும்புவது தெளிவாகக் கேட்கும், பள்ளத்தாக்குப் பக்கம் ஒன்றும் தெரியாது. சூடானதும் குறைந்தது, மேனிஃபோல்டு (எஞ்சினிலிருந்து புகையைச் சைலன்சருக்குக் கொண்டுபோகும் குழாய்) ஓரத்தில் கரிக்கோடு இருந்தது, ஆக அங்கே பேக்கிங் விட்டுப்போய்ப் புகை ஊதுகிறது. வால்வைத் தள்ளுகிற டேப்பட்டின் சத்தம் என்று நினைத்து அதைத் திருகியிருந்தால் வீண் வேலை.

மேனிஃபோல்டை இன்னும் தொடவில்லை. அதைப் பிடித்திருக்கும் துருப்பிடித்த ஸ்டட் போல்ட் உடைந்தால் எஞ்சின் ஹெட்டையே இறக்கும்படி ஆகும், வண்டி பல நாள் நின்றுவிடும். மிளகு பறிப்பு முடிந்ததும் கீழே கொண்டுபோகிறோம். அதுவரை புகை வாடை வண்டிக்குள் வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்கிறோம், வந்தால் அன்றைக்கே நிறுத்திவிடுவோம்.