சாட்டிலைட் மோடத்தில் ஈதர்நெட் செட்டிங்: முதலில் பார்க்க வேண்டியவை

போர்ட்டின் வேகம், டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் அனுப்பிப் பெறுவது ஃபுல், மாறி மாறிச் செய்வது ஹாஃப்) இரண்டையும் மோடம், சுவிட்ச் என இரு முனையிலும் ஒரே மாதிரி வையுங்கள். மோடத்தில் 100 ஃபுல் என்று கையால் போட்டுவிட்டு சுவிட்சை ஆட்டோவில் விட்டால், சுவிட்ச் ஹாஃப் டூப்ளெக்ஸுக்குப் போய்விடும். பிங் நன்றாகவே வரும். பெரிய ஃபைல் அனுப்பும்போதுதான் வேகம் படுத்துவிடும். சுவிட்சில் லேட் கொலிஷன் (தாமதமாகத் தெரியும் மோதல்), மோடத்தில் சிஆர்சி எர்ரர் (சிதைந்து வந்த ஃபிரேம்) எண்ணிக்கை ஏறினால் காரணம் இதுதான்.

அடுத்தது க்யூ, அதாவது பாக்கெட்டுகள் காத்திருக்கும் வரிசை. இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். லேன் பக்கம் 100 எம்பிபிஎஸ், வானத்துக்குப் போவது 2 எம்பிபிஎஸ் என்றால், மிச்சமெல்லாம் பஃபரில்தான் காத்துக் கிடக்கும். 2,50,000 பைட் பஃபர் நிரம்பினால் அதுவே 1 விநாடி தாமதம். புவிநிலைச் செயற்கைக்கோளில் போய்வர ஏற்கெனவே அரை விநாடிக்கு மேல் ஆகிறது. இரண்டும் சேர்ந்தால் போனில் பேசவே முடியாது. அதனால் ரூட்டரிலேயே 1.8 எம்பிபிஎஸ் அளவுக்கு ஷேப்பிங் (அனுப்பும் வேகத்துக்கு வரம்பு) போட்டு, குரலை டிஎஸ்சிபி (பாக்கெட்டின் முன்னுரிமைக் குறி) 46 என்று குறித்து முதல் க்யூவில் விடுங்கள். ஃப்ளோ கன்ட்ரோலை அணைத்துவிடுவதே நல்லது. அது அனுப்பும் பாஸ் (pause) ஃபிரேம், அதாவது ‘கொஞ்சம் நிறுத்து’ என்ற சைகை, வந்தால் குரலும் சேர்ந்து நிற்கும்.

விலேன் (ஒரே கேபிளில் பிரித்து வைக்கும் தனித்தனி நெட்வொர்க்) டேக் 4 பைட் கூட்டும், ஃபிரேம் 1518 பைட்டிலிருந்து 1522 ஆகும். மோடம் அதை ஏற்கிறதா என்று டோன்ட் ஃபிராக்மென்ட்டோடு (பாக்கெட்டைத் துண்டாக்காதே என்ற குறியோடு) 1472 பைட் பிங் விட்டுப் பாருங்கள்; ஹெடர்கள் சேர்ந்தால் அது முழு அளவு ஃபிரேம் ஆகும்.

மேனேஜ்மென்ட் விலேனை (மோடத்தை நிர்வகிக்க உள்ளே நுழையும் விலேனை) மாற்றும் முன் கன்சோல் கேபிளை (மோடத்தோடு நேரடியாக இணைக்கும் கேபிளை) சொருகி வையுங்கள். விலேன் எண் தவறினால் மோடத்தின் வெப் பக்கம் அந்த நொடியே போய்விடும்.