தூக்கு போனது, தீர்ப்பு போகவில்லை

"அதான் விட்டுட்டாங்களே, அப்புறம் என்ன?" என்று கேட்காத ஆள் இல்லை. சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள், டீக்கடையில் கேட்கிறார்கள், ஒரு வக்கீலே கேட்டார். செஷன்ஸ் கோர்ட்டில் தூக்கு, உயர் நீதிமன்றத்தில் அது உறுதி, உச்ச நீதிமன்றத்தில் ஆயுளாகக் குறைப்பு, பிறகு முன்விடுதலை. இதுதான் என் கதை. இந்த நாலு கட்டத்திலும் எந்த இடத்திலும் "இவன் செய்யவில்லை" என்று யாரும் எழுதவில்லை. முன்விடுதலை தண்டனையின் மிச்சத்தைத்தான் கழிக்கிறது, குற்றவாளி என்ற தீர்ப்பைத் தொடுவதில்லை. பேரறிவாளன் 2022 மே 18 அன்று வெளியே வந்ததைக்கூட வழக்கிலிருந்தே விடுதலை என்று நினைப்பவர்கள் உண்டு. உச்ச நீதிமன்றம் அரசியல் சட்டத்தின் 142ஆவது பிரிவைப் பயன்படுத்தி அவரை விட்டது, தீர்ப்பை ரத்து செய்யவில்லை.

நான் அந்தக் கொலையைச் செய்யவில்லை. அதைக் கோர்ட் வாயாலேயே சொல்ல வைக்க, தன் தீர்ப்பைத் தானே திரும்பப் பார்க்கும்படி உச்ச நீதிமன்றத்தைக் கேட்கும் மறுஆய்வு மனு போட முடிவெடுத்தேன். என்னைப் போல வெளியே வந்துவிட்டு இதையே யோசித்துக்கொண்டிருப்பவர்களும் அவர்கள் வீட்டுக்காரர்களும் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் அலைந்த மாதிரி நீங்கள் அலைய வேண்டாம்.

முதல் அடி வக்கீல் விஷயத்திலேயே விழுந்தது. உள்ளே இருக்கும்வரை சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் இலவச வக்கீல் உண்டு, வருமானம் பார்ப்பதில்லை. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆவது பிரிவு காவலில் இருப்பவரைத் தனியாகவே சொல்கிறது. வெளியே வந்த மறுநாளே அந்தத் தகுதி போய்விடுகிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், மாற்றுத்திறனாளிகள் என்று வேறு வகைகளில் வராதவர்கள் வருமானச் சான்று காட்ட வேண்டும். சரி, இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டினால் முடிந்தது என்று போனேன். குடும்ப அட்டை கேட்டார்கள். அண்ணன் வீட்டு அட்டையிலிருந்து என் பெயரை எப்போதோ எடுத்துவிட்டார்கள். கிராம நிர்வாக அலுவலரோ, "ஊர்லயே இல்லாத ஆளுக்கு வருமானம்னு நான் எதை எழுத?" என்றார். நியாயமான கேள்விதான், ஆனால் அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. விண்ணப்பம் தள்ளுபடி. முன்விடுதலைச் சான்றும் நன்னடத்தை அலுவலரின் கடிதமும் இணைத்து மறுபடி போட்டபோது நடந்தது. வெளியே வந்ததும் முதல் வேலையாக அட்டையில் பெயரைச் சேருங்கள், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

வக்கீல் கிடைத்தார். அவருடைய ஜூனியர் பெண் இன்னும் கெட்டிக்காரர். இருவரும் கேட்டது ஒன்றுதான்: "முழுக் கட்டு வேணும்." வழக்கு ஆவணங்கள் மொத்தமும் என்று அர்த்தம். உச்ச நீதிமன்றத் தீர்ப்பை இணையத்திலிருந்து யாரும் எடுத்துவிடலாம். சாட்சிகளின் வாக்குமூலம், மகஜர் (சாட்சிகள் முன்னிலையில் போலீஸ் எழுதும் பதிவு), ரஃப் ஸ்கெட்ச், பிரேதப் பரிசோதனை அறிக்கை எல்லாம் காகிதமாக எங்கோ ஓர் அறையில் கிடக்கும். அதைச் சான்றிட்ட நகலாக வாங்க வேண்டும்.

விசாரணை நடந்த கோர்ட்டில் நகல் மனு போட்டேன். கவுன்ட்டரில் இருந்தவர் செஷன்ஸ் வழக்கு எண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "அப்பீல் போன கட்டு இங்க இருக்காது" என்றார். உயர் நீதிமன்றத்தில் குற்றவியல் மேல்முறையீட்டு எண்ணைக் கொடுத்தேன். தேடிவிட்டு, கீழே அனுப்பியாயிற்று என்றார்கள். கீழே வந்தால், வரவில்லை என்றார்கள். இடையில் எங்கள் மாவட்டமே இரண்டாகப் பிரிந்துவிட்டதால் கட்டு புது ஊருக்குப் போயிருக்கலாம் என்று ஒருவர் சொன்னார். அங்கேயும் போனேன். அங்கே பழைய கட்டுகளுக்கு அலமாரியே இன்னும் வரவில்லை.

முடிச்சை அவிழ்த்தவர் எந்த அதிகாரியும் இல்லை, ஒரு வக்கீல் குமாஸ்தா. பல்லில்லாத வாயில் வெற்றிலையை இடித்துப் போட்டுக்கொண்டிருந்த அண்ணாச்சி. "தம்பி, தூக்கு கேஸுன்னா ஆர்.டி. நம்பர் இருக்குமே, அத வச்சுத் தேடினாங்களா?" என்றார். செஷன்ஸ் கோர்ட் தூக்கு கொடுத்தால் உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் அதை நிறைவேற்ற முடியாது. நாம் அப்பீல் போட்டாலும் போடாவிட்டாலும் கட்டு தானாக மேலே போகும். சென்னை உயர் நீதிமன்றத்தில் அதற்கு ஆர்.டி. என்று தனி எண் விழும். நம் அப்பீலுக்கு வேறு எண். இரண்டையும் சேர்த்துத்தான் கேட்பார்கள், தீர்ப்பும் ஒன்றுதான். ஆனால் கட்டு ஆர்.டி. எண்ணில் கட்டப்பட்டிருந்தது. அந்த எண்ணைச் சொன்னதும் அது கீழே திரும்பிய தேதியும் அனுப்புகைப் பதிவும் அன்று மாலையே கிடைத்துவிட்டன. அந்தத் தேதியைக் காட்டியதும் கீழ்க் கோர்ட்டில் "வரவில்லை" என்றவர் எழுந்து உள்ளே போனார். தூக்கு கேஸ்காரர்கள் தீர்ப்பின் முதல் பக்கத்தில் இருக்கும் ஆர்.டி. எண்ணைத் தனியாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நகல் பிரிவில் இன்னொரு பொறி இருக்கிறது. மனு போட்டதும் நகல் வராது. எத்தனை பக்கம் என்று கணக்கிட்டு, ஸ்டாம்ப் கட்டச் சொல்லி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். குமாஸ்தாக்கள் 'கால்ஃபார்' என்பது இதைத்தான். போன் வராது, கடிதம் வராது. குறித்த நாளுக்குள் ஸ்டாம்ப் கட்டாவிட்டால் மனுவைத் தள்ளுபடி செய்துவிடுவார்கள். என் மனுவை ஒரு முறை தள்ளியே விட்டார்கள். பலகையில் என் எண்ணின் மேல் தேர்தல் பணி சுற்றறிக்கை ஒன்றை ஒட்டியிருந்தார்கள்! அடியில் இருப்பதைக் கிழித்துக் காட்டியும் புது மனுதான் போடச் சொன்னார்கள். வெளியூர்க்காரர் என்றால் உள்ளூர்க் குமாஸ்தா ஒருவருக்குக் கையில் கொஞ்சம் கொடுத்துப் பலகையைப் பார்க்கச் சொல்லுங்கள். நகலின் பின்பக்கத்தில் மனு போட்ட தேதி, ஸ்டாம்ப் கேட்ட தேதி, கட்டிய தேதி, நகல் தயாரான தேதி எல்லாம் முத்திரையாக இருக்கும். அது மங்கலாக விழுந்திருந்தால் அங்கேயே நின்று மறுபடி குத்தச் சொல்லுங்கள். தாமதத்துக்குக் காரணம் காட்ட அந்தத் தேதிகள்தான் பின்னால் உதவும்.

கட்டு கிடைத்தது என்று சந்தோஷப்பட்ட அன்றே வயிற்றில் அடித்த வரியையும் படித்தேன். செஷன்ஸ் தீர்ப்பின் கடைசிப் பக்கம், தண்டனைக்குக் கீழே, யாரும் படிக்காத இடம். சான்றுப் பொருட்களை மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததும் அழித்துவிட வேண்டும் என்று இருந்தது. என்னுடையது என்று சொல்லிக் கைப்பற்றிய சட்டை அதில் ஒன்று. அந்த ரத்தம் யாருடையது என்று இன்றைக்கு டிஎன்ஏ சோதனை கேட்க சட்டையே இல்லை. வழக்கு இன்னும் ஏதாவது ஒரு கட்டத்தில் நிற்கிறது என்றால், தயவுசெய்து இன்றைக்கே உங்கள் வக்கீலிடம் சொல்லி, பொருட்களை அழிக்கக் கூடாது என்று ஒரு மனு போட வையுங்கள். இந்தப் பதிவில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் பரவாயில்லை.

நான் படம் வரைவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். தூக்குக் கைதிகளை வைக்கும் கண்டம் செல்லில் இருந்தபோதுதான் கற்றேன். பால்பாயின்ட் பேனா, கணக்கு நோட்டு, அவ்வளவே. உயர்ந்த சன்னல், கம்பி, எதிர்ச்சுவர் என்று பார்க்கக் கிடைப்பது கொஞ்சம் என்பதால் நிழல் எந்த நேரத்தில் எங்கே விழும் என்பது அத்துப்படியாகிவிட்டது. இப்போது பிழைப்புக்குக் கடைப் பெயர்ப் பலகை எழுதுகிறேன், இரவில் எனக்காக வரைகிறேன்.

விடுதலையான அன்று அந்த நோட்டுகளைத் தணிக்கை செய்ய வேண்டும் என்று வாசலில் எடுத்து வைத்துக்கொண்டார்கள். ரசீது இல்லை. கேட்டுப் போனபோதெல்லாம் 'அந்த செக்‌ஷன் சார்' லீவு. கடைசியில் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. "ஏன் தரவில்லை" என்று கேட்டால் அது தகவல் இல்லை என்று பதில் வரும். கைதி உடைமைப் பதிவேட்டில் என் பெயருள்ள பக்கத்தின் நகலைக் கொடுங்கள் என்று கேட்டேன். முப்பது நாளில் பதில் இல்லை. முதல் மேல்முறையீடு போட்டதும் பதிவேட்டு நகல் வரவில்லை, நோட்டுகளே வந்துவிட்டன! பாதி கரையான் தின்றவை. இருந்தாலும் வந்தன.

அந்த நோட்டுகளைப் பார்த்து ஓர் அமைப்பு கண்காட்சி வைக்க முன்வந்தது. நல்ல மனிதர்கள்தான். அழைப்பிதழ் வாசகத்தைப் படித்தபோது தலை சுற்றியது. செய்த தவறை வண்ணங்களால் கழுவிக்கொள்கிறாராம் கலைஞர். பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தேன். "சார், ஆடியன்ஸுக்கு ஒரு கதை வேணும்ல" என்றார்கள். மனம் வருந்திவிட்டேன் என்று என் பெயரில் அச்சாகும் எந்த வரியும் நாளைக்கு எனக்கு எதிராகவே நிற்கும் என்று ஜூனியர் எடுத்துச் சொன்ன பிறகுதான் மாற்றினார்கள். "சிறையில் வரையக் கற்றவர்" என்று போட்டார்கள். அது உண்மை.

அமெரிக்காவில் டேமியன் எக்கோல்ஸ் என்பவரைப் பற்றி அந்த ஜூனியர்தான் சொன்னார். அர்கன்சாஸ் மாநிலத்தில் 1994இல் மரண தண்டனை விதிக்கப்பட்டவர், அப்போது வயது 19. 2011 ஆகஸ்டில் வெளியே வந்தபோது அரசு ஒரு நிபந்தனை வைத்தது. நிரபராதி என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் தண்டிக்கப் போதிய சாட்சியம் அரசிடம் இருக்கிறது என்று ஏற்றுக் குற்ற ஒப்புதல் கொடுக்க வேண்டும். கொடுத்தார், வந்தார், புத்தகம் எழுதுகிறார், ஓவியம் செய்கிறார். தீர்ப்பு மட்டும் அவர் மேல் அப்படியே கிடக்கிறது. வெளியே இருப்பவருக்கு டிஎன்ஏ சோதனை கேட்க உரிமை உண்டா என்று வழக்காடி, 2024 ஏப்ரலில் அந்த மாநில உச்ச நீதிமன்றத்தில் நாலுக்கு மூன்று என்ற கணக்கில் ஜெயித்தார். அவருக்குச் சோதிக்கப் பொருள் இருக்கிறது. பொறாமையாகத்தான் இருந்தது.

எனக்கு இருப்பது ரஃப் ஸ்கெட்ச். சம்பவ இடத்தை இன்ஸ்பெக்டர் கையால் வரைந்தது, ஒரு பக்கம். விசாரணையின்போது அதை யாரும் எனக்குக் காட்டியதாக நினைவில்லை, காட்டியிருந்தாலும் அன்றைக்கு எனக்குப் படம் பார்க்கத் தெரியாது. இப்போது தெரியும். பார்வை மகஜரில் கிழமேல் தெரு என்று எழுதியிருக்கிறது. ஸ்கெட்ச்சில் வடக்கு அம்புக்குறியை வைத்துப் பார்த்தால் அதே தெரு தென்வடலாக ஓடுகிறது. மகஜரில் மின்கம்பம் உண்டு, விளக்கு எரிந்ததாக இல்லை. ஸ்கெட்ச்சில் கம்பமே இல்லை. ஒரே கண்ணால் கண்ட சாட்சி, திண்ணையில் உட்கார்ந்து தெருவிளக்கு வெளிச்சத்தில் என் முகத்தைப் பார்த்ததாகச் சொன்னார். மகஜரை நம்பினால் அந்தத் திண்ணையிலிருந்து சம்பவ இடம் வீட்டு மூலைக்குப் பின்னால் போய்விடுகிறது. ஸ்கெட்ச்சை நம்பினால் விளக்கு இல்லை. இரண்டையும் ஒன்றாக நம்பித்தான் எனக்குத் தூக்குப் போட்டிருக்கிறார்கள். மூன்று கோர்ட் தீர்ப்புகளிலும் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

இரண்டையும் தனித்தனியாக வரைந்து ஜூனியரிடம் நீட்டினேன். நெடுநேரம் பார்த்தார். என் படத்தைச் சாட்சியமாகக் கொடுக்க முடியாது, ஆனால் இரண்டு ஆவணமும் ஏற்கெனவே கோர்ட் குறியிட்டவை என்பதால் புதுச் சாட்சியம் என்று யாரும் தட்ட முடியாது என்றார். மறுஆய்வில் அதுதான் பெரிய பலம்.

உச்ச நீதிமன்றத்தில் மறுஆய்வுக்கு 30 நாள்தான் கெடு. என் தீர்ப்பு வந்து பல வருடம். அந்தக் காலத்து இலவச வக்கீல், கயிறு போனதே பெரிது என்று சொல்லி மறுஆய்வு போடவே இல்லை. ஒரு வகையில் அதுவே நல்லதாகிவிட்டது, ஒரு முறை போட்டிருந்தால் இரண்டாவது மறுஆய்வு கிடையாது. தாமதத்தை மன்னிக்கத் தனி மனு போட்டிருக்கிறோம். மகாராஷ்டிரத்தின் அங்குஷ் மாருதி ஷிண்டே வழக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். 2009இல் ஆறு பேருக்கும் தூக்கு என்று சொன்ன அதே உச்ச நீதிமன்றம், மறுஆய்வைத் திரும்பக் கேட்டு 2019 மார்ச் 5 அன்று ஆறு பேரையும் நிரபராதிகள் என்று விடுவித்தது, ஆளுக்கு 5 லட்சம் கொடுக்கவும் சொன்னது. சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். தவறாகத் தண்டிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீட்டுச் சட்டம் வேண்டும் என்று சட்ட ஆணையம் 2018இலேயே 277ஆவது அறிக்கையில் சொல்லிவிட்டது. அது இன்னும் அறிக்கையாகவே இருக்கிறது.

கடைசிச் செலவு மொழிபெயர்ப்பு. தமிழ் வாக்குமூலம், மகஜர் எல்லாம் ஆங்கிலத்தில் போக வேண்டும், பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு. கண்காட்சியில் விற்ற படங்களின் பணம் அதில்தான் போயிற்று. மொழிபெயர்ப்பை நீங்களும் ஒரு தடவை படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். எனக்கு வந்த முதல் பிரதியில் கிழமேல், தென்வடல் இரண்டையுமே வெறுமனே 'தெரு' என்று போட்டு முடித்திருந்தார்கள். வழக்கே அந்த இரண்டு சொல்லில்தான் நிற்கிறது!

இப்போது உச்ச நீதிமன்றத்தில் என் மனுவுக்கு டைரி எண், அதாவது தாக்கல் செய்ததும் தரும் எண், விழுந்துவிட்டது. கூடவே குறைகள் பட்டியலும் வந்தது. மகஜரின் மூன்றாம் பக்கம் மங்கலாக இருக்கிறதாம், தெளிவான சான்றிட்ட நகல் வேண்டுமாம். புது நகல் மனு போட்டாயிற்று. அண்ணாச்சி பலகையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.