‘1,204 பிழைகள்’ காட்டிய லெப்டொப்பைச் சுத்தம் செய்த விதம்

ஹட்டன் பக்கத்துப் பாடசாலை ஆசிரியை ஒருவரின் லெப்டொப் அது. விண்டோஸ் 10, 4 ஜி.பி. ரேம், 500 ஜி.பி. சுழலும் ஹார்ட் டிஸ்க். “தம்பி, டிஸ்க் போயிருச்சாம். தவணைப் பரீட்சை பேப்பர் எல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு” என்ற கவலையோடு எங்கள் மேசைக்கு வந்தது. போட்டதும் விண்டோஸ் செக்யூரிட்டி போலவே நீல நிறமும் கேடயப் படமுமாக ஒரு ஜன்னல் திறந்தது. அதுவே சோதனையைத் தொடங்கி 40 விநாடியில் முடித்து 1,204 பிழைகள் என்றது. ‘எல்லாவற்றையும் சரிசெய்’ பட்டனை அழுத்தினால் 39.95 டொலருக்கு கார்ட் நம்பர் கேட்கும் பக்கம்.

அந்த 40 விநாடியே போதும் பொய் என்று சொல்ல. இந்த வகை டிஸ்க் விநாடிக்கு சுமார் 100 எம்.பி. வாசிக்கும். 500 ஜி.பி.யை முழுதாகத் தடவிப் பார்க்க ஒன்றேகால் மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். தேநீர் ஊற்றுவதற்குள் முழு டிஸ்க்கையும் சோதித்து முடித்ததாகச் சொல்லும் எதையும் நம்ப வேண்டியதில்லை.

ஆனால் பொய் என்று தெரிந்தவுடனே அழிக்கத் தொடங்கக் கூடாது. முதலில் பேசுவது யார் என்று பார்க்க வேண்டும். திரையில் வரும் எச்சரிக்கை மூன்று இடங்களிலிருந்து வரலாம். மூன்றுக்கும் மருந்து வேறு.

ஒன்று, பிரவுசரில் திறந்த வெறும் வலைப்பக்கம். திரை முழுதும் பரவி, சைரன் சத்தத்தோடு, அழைக்கச் சொல்லி ஒரு தொலைபேசி எண்ணும் காட்டும். எஸ்கேப் விசையைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் முழுத்திரை விலகும். பிறகு ஆல்ட்டும் எஃப்4உம். அதற்கும் அசையாவிட்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை எண்ட் டாஸ்க் கொடுங்கள். மறுபடி திறக்கும்போது ‘முன்பிருந்த பக்கங்களை மீட்கவா’ என்று கேட்டால் வேண்டாம் என்று விடுங்கள், இல்லாவிட்டால் அதே பக்கம் திரும்ப வந்து நிற்கும். எதையும் இறக்கவோ திறக்கவோ இல்லையென்றால் வேலை இதோடு முடிந்தது. மைக்ரோசொஃப்டின் பிழைச் செய்திகளில் தொலைபேசி எண் ஒருபோதும் இருக்காது.

இரண்டு, வலது கீழ் மூலையில் எட்டிப்பார்க்கும் சின்னப் பெட்டி. கூர்ந்து பார்த்தால் அதிலேயே குரோம் என்ற பெயரும் ஏதோ ஒரு தளத்தின் முகவரியும் பொடி எழுத்தில் இருக்கும். எப்போதோ ‘நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட அலோவ் அழுத்தவும்’ என்றதை நம்பி அழுத்தியதன் பலன் அது. குரோம் செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போனால் அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் வரும். தெரியாததை எல்லாம் நீக்குங்கள். இந்த லெப்டொப்பிலும் அப்படி ஏழு தளங்கள் இருந்தன.

மூன்றாவதுதான் கணினிக்குள்ளேயே குடியேறிய மென்பொருள். வை-ஃபையை நிறுத்தி, எந்தப் பிரவுசரையும் திறக்காமல் ரீஸ்டார்ட் செய்தும் அந்த ஜன்னல் வந்தால், அது உள்ளே இருக்கிறது. இங்கே வந்தது.

கை வைப்பதற்கு முன் இன்னொரு சோதனை உண்டு. போலி எச்சரிக்கை வந்த இயந்திரத்தில் டிஸ்க் நிஜமாகவே பழுதாகவும் இருக்கலாம். மலையகத்தில் அது அபூர்வமல்ல: கரண்ட் போய்ப் போய் வரும், இடி மின்னல் மாதங்களில் சார்ஜரோடு சேர்ந்து அடிவாங்கும், ஈரமோ சொல்ல வேண்டியதில்லை. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவசக் கருவியை வேறொரு சுத்தமான கணினியில் இறக்கி, பென் டிரைவில் கொண்டுவந்து ஓட்டினோம். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே எழுதிவைக்கும் ஸ்மார்ட் குறிப்பை இது வாசித்துச் சொல்லும். பார்க்க வேண்டியவை மூன்று வரிகள்: 05 (இடம் மாற்றப்பட்ட செக்டர்கள்), சி5 (மாற்றக் காத்திருப்பவை), சி6 (திருத்த முடியாதவை). மூன்றிலும் பூச்சியம் என்றால் கவலை வேண்டாம். சி5 கூடிக்கொண்டே போனால் மற்ற வேலையை எல்லாம் நிறுத்திவிட்டு முதலில் கோப்புகளை வெளியே எடுங்கள். இதில் மூன்றும் பூச்சியம்.

‘ரேம் வெப்பநிலை 83 பாகை’ என்று ஒரு காலத்து போலி மென்பொருள்கள் ஒரு வரி காட்டும். 1,868 மீற்றர் உயரத்தில், நுவரெலியாவில் சுவெட்டருக்குள் நடுங்கிக்கொண்டிருப்பவருக்கும் அதே 83தான். எதையும் அளக்காமல் சொல்லும் எண் அது.

இனி அகற்றும் வேலை. வை-ஃபையை நிறுத்தியே வைத்திருந்தோம். இணையம் கிடைத்தால் நீக்கியதை அது மறுபடி இறக்கிக்கொள்ளும். முதல் வேலை வினாத்தாள்களைக் காப்பது. வர்ட், பி.டி.எஃப்., படங்கள் மட்டும் பென் டிரைவுக்கு. இ.எக்ஸ்.இ. என்று முடியும் எதையும் கொப்பி எடுக்கவில்லை. நோயையும் சேர்த்து மூட்டை கட்டுவதாகிவிடும்.

அடுத்து டாஸ்க் மேனேஜர். ஓடிக்கொண்டிருக்கும் அந்த நிரலில் ரைட் கிளிக் செய்து ‘ஓபன் ஃபைல் லொகேஷன்’ கொடுத்தால் எந்த ஃபோல்டரிலிருந்து ஓடுகிறது என்று தெரியும். விண்டோஸின் சொந்த நிரல்கள் பெரும்பாலும் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும். இது ஆப்டேட்டாவுக்குள் ரோமிங் என்ற ஃபோல்டரில், குழம்பிய எழுத்துகளால் ஆன பெயரில் இருந்தது. அந்த முழு வழியையும் கடதாசியில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நான்கு இடங்களில் அதே பெயரைத் தேட வேண்டிவரும்.

பிறகு கன்ட்ரோல் பேனலில் புரோகிராம்ஸ் அண்ட் ஃபீச்சர்ஸ். ‘இன்ஸ்டோல்ட் ஒன்’ என்ற தலைப்பைச் சொடுக்கித் திகதி வரிசைப்படுத்துங்கள். நோய் தனியாக வருவதில்லை. அதே நாளில் ஒரு டிரைவர் அப்டேட்டர், ஒரு பி.டி.எஃப். மாற்றி, எதற்கென்றே தெரியாத ஒரு ‘ஹெல்ப்பர்’ மூன்றும் சேர்ந்து ஏறியிருந்தன. நான்கையும் அன்இன்ஸ்டோல் செய்தோம். இங்கே ஒரு தந்திரம் நடக்கும்: ‘போகாதீர்கள், பாதி விலைக்குத் தருகிறோம்’ என்று பெரிய பச்சைப் பட்டன் வரும். ‘தொடர்ந்து நீக்கு’ என்பது சாம்பல் நிறப் பொடி எழுத்தில், பட்டன் என்றே தெரியாதபடி ஓரத்தில் கிடக்கும். அவசரத்தில் பச்சையை அழுத்தியவர்கள்தான் ‘எடுத்தேன், போகுதில்லை’ என்று சொல்கிறவர்கள்.

நீக்க விடாமல் ஜன்னல் மேலே மேலே வந்து மறித்தால் சேஃப் மோட். ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்து, டிரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் என்று போய் 4 என்ற இலக்கத்தை அழுத்துங்கள். அதில் அவசியமான நிரல்கள் மட்டுமே ஓடும். இந்தப் போலி பெரும்பாலும் எழும்பாது.

பலர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். மறுநாள் காலை அது மறுபடி வந்து நிற்கும். காரணம், குறித்த நேரத்தில் நிரல்களைத் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலர். அங்கே இடப்பக்க நூலகத்தில் ‘லொக் ஒன் ஆகும்போது ஓடு’ என்றும் ‘ஒவ்வொரு மணித்தியாலமும் ஓடு’ என்றும் இரண்டு வேலைகள் பதிவாகியிருந்தன. பெயர் ஏதோ அப்டேட் என்று அப்பாவித்தனமாக இருந்தது. பெயரைப் பார்க்காதீர்கள்; ‘ஆக்‌ஷன்ஸ்’ பகுதியில் எந்தக் கோப்பை ஓட்டச் சொல்கிறது என்று பாருங்கள். கடதாசியில் எழுதிய அதே வழிதான் இருந்தது. இரண்டையும் அழித்த பிறகே ரோமிங்கில் இருந்த ஃபோல்டரை அழித்தோம். டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பட்டியலிலும் ஒரு வரி மிஞ்சியிருந்தது.

இவ்வளவு நடந்தும் விண்டோஸின் சொந்த வைரஸ் தடுப்பான டிஃபென்டர் ஏன் வாய் திறக்கவில்லை? விடை வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன், மேனேஜ் செட்டிங்ஸ், எக்ஸ்குளூஷன்ஸ் என்ற இடத்தில் இருந்தது: ‘சி டிரைவைப் பார்க்காதே’ என்று ஒரு விதிவிலக்கு. அட்மினிஸ்டிரேட்டர் அனுமதிக்கு ‘யெஸ்’ அழுத்திய மறுகணம் போலி எழுதிவைத்தது அது. இதை நீக்காமல் எத்தனை முறை ஸ்கேன் செய்தாலும் ‘அச்சுறுத்தல் இல்லை’ என்றே வரும். அனுபவமுள்ளவர்கள்கூடத் தவறவிடும் இடம் இதுதான். எங்களைக் கேட்டால் எந்த ஸ்கேனுக்கும் முன் பார்க்க வேண்டிய இடமும் இதுதான்.

அதன் பிறகே ஸ்கேன். சுத்தமான கணினியிலிருந்து கொண்டுவந்த அட்வ்கிளீனர் (விளம்பர மென்பொருளைத் தேடி நீக்கும் கருவி) முதலில். இன்ஸ்டோல் தேவையில்லை, சிறிய கோப்பு, ஃபோன் டேட்டாவையும் தின்னாது. அடுத்து வை-ஃபையைப் போட்டு டிஃபென்டரை அப்டேட் செய்து, மைக்ரோசொஃப்ட் டிஃபென்டர் ஒஃப்லைன் ஸ்கேன். விண்டோஸ் எழும்புவதற்கு முன்னரே ஓடுவதால் ஒளிந்திருப்பவைக்கு மறைய இடமில்லை. 15 நிமிடம் அளவில் முடியும் என்பார்கள். பழைய டிஸ்க்கில் கூடுதலாகப் பிடிக்கும். சார்ஜரைச் செருகியே வையுங்கள், நடுவில் கரண்ட் போனாலும் பேட்டரி தாங்க வேண்டும்.

சுத்தம் செய்த பிறகு ‘இப்போது இன்டர்நெட்டே வேலை செய்யவில்லை’ என்று வருகிறவர்கள் உண்டு. போலி போகும்போது, இணையப் போக்கைத் தன் வழியே திருப்ப வைத்த புரொக்சி அமைப்பை விட்டுப் போயிருக்கும். நெட்வொர்க் செட்டிங்ஸில் புரொக்சி பகுதியில் 127.0.0.1 என்ற எண்ணோடு ‘ஒன்’ ஆகியிருந்தால் நிறுத்திவிடுங்கள். பிரவுசர் ஷோர்ட்கட்டின் புரோபர்ட்டீஸில் டார்கெட் என்ற வரியின் வால்பக்கம் ஏதாவது இணைய முகவரி ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். கடைசியாக டிஸம் கருவியால் விண்டோஸின் மூலக் கோப்புகளைச் சரிசெய்து, அதன் பின் சிஸ்டம் கோப்புகளைச் சோதித்துத் திருத்தும் எஸ்.எஃப்.சி. கருவியை ஓட்டினோம். வரிசை மாறக் கூடாது; எஸ்.எஃப்.சி. தனக்கு வேண்டிய நல்ல பிரதிகளை டிஸம் சரிசெய்த இடத்திலிருந்தே எடுக்கிறது.

‘டெம்ப் ஃபோல்டரைத் துடைத்துவிட்டுத் தொடங்கு’ என்ற அறிவுரை எங்கும் கிடைக்கும். அதை முதலில் செய்யாதீர்கள். 2010 முதல் 2012 வரை சிஸ்டம் ரிப்பெயார், சிஸ்டம் ஃபிக்ஸ், டேட்டா ரெக்கவரி என்ற பெயர்களில் திரிந்த குடும்பம் ஒன்று, டிஸ்க் உடைந்துவிட்டது என்று நம்பவைக்கக் கோப்புகளை எல்லாம் ‘ஹிடன்’ ஆக்கிவிடும். ஸ்டார்ட் மெனு ஷோர்ட்கட்களை டெம்ப்புக்குள் எஸ்.எம்.டெம்ப் என்ற ஃபோல்டரில் 1, 2, 3, 4 என்று இலக்கமிட்ட அறைகளில் ஒளித்துவைக்கும். டெம்ப்பைத் துடைத்தவர்கள் தங்கள் ஷோர்ட்கட்களைத் தாங்களே அழித்துக்கொண்டார்கள். இன்றைக்கும் டெஸ்க்டொப் காலியாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம்: எக்ஸ்புளோரரின் வியூ பட்டியலில் ‘ஹிடன் ஐட்டம்ஸ்’ குறியிட்டுப் பாருங்கள். மங்கலாகத் தெரிந்தால் எல்லாம் இருக்கின்றன. ஃபோல்டரின் புரோபர்ட்டீஸில் ஹிடன் குறியை எடுத்து, உள்ளே இருப்பவற்றுக்கும் சேர்த்துப் பொருத்தினால் திரும்பிவிடும்.

பணம் கட்டியவர்கள் கணினிக்கு முன் கார்டைக் கவனிக்க வேண்டும். வங்கிக்கு அழைத்துக் கார்டை நிறுத்தி வேறு எண்ணில் புதியது எடுங்கள். இத்தகையவை வருடா வருடம் தானாகப் புதுப்பித்துக்கொண்டு டொலரில் வெட்டும். ஃபோனில் பேசியவர், தூரத்திலிருந்தே கணினியை இயக்கவிடும் எனிடெஸ்க் போன்றதைப் போடச் சொல்லி உள்ளே நுழைந்திருந்தால் மேலே சொன்ன துப்புரவை நம்ப வேண்டாம். கோப்புகளை எடுத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாகப் போட்டு, கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்றுவதுதான் எங்கள் முடிவு. அப்படி நுழைந்தவர் விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரைத் திறந்து சிவப்பு வரிகளைக் காட்டியிருப்பார். அவை நல்ல கணினியிலும் எப்போதும் இருப்பவை. முறைப்பாட்டுக்கு, கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் ஸ்ரீலங்கா சேர்ட்டின் 101 என்ற தொலைபேசி எண் இருக்கிறது.

பதிவு செய்யப்பட்ட கம்பனி என்பதால் நல்லது என்றும் எண்ண வேண்டாம். ரெஸ்டோரோ, ரீஇமேஜ் என்ற இரு சைப்ரஸ் நிறுவனங்கள், இல்லாத கோளாறுகளைக் காட்டிப் பழுதுபார்ப்புச் சேவை விற்றன என்ற குற்றச்சாட்டில், 2024இல் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையத்துடன் 26 மில்லியன் டொலர் கட்டச் சம்மதித்தன.

இந்த லெப்டொப்புக்குள் அது வந்த வழி டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் கிடந்தது. வினாத்தாள் அடிக்கப் பாமினி எழுத்துரு தேடியிருக்கிறார். பக்கத்தில் இருந்த மூன்று டவுன்லோட் பட்டன்களில் இரண்டு விளம்பரம். எழுத்துரு என்று இறங்கிய கோப்பு 6 எம்.பி., முடிவில் இ.எக்ஸ்.இ. நிஜப் பாமினி டி.டி.எஃப். என்று முடியும், ஒரு எம்.பி.யைக்கூடத் தொடாது. விண்டோஸ் கோப்பின் வாலை மறைத்தே காட்டும் என்பதால், வியூவில் ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ குறியிட்டுக் கொடுத்தோம். விண்டோஸ் செக்யூரிட்டியின் ரெப்பியுடேஷன் பேஸ்ட் புரொடெக்‌ஷனில் தேவையற்ற செயலிகளைத் தடுக்கும் ஆளியையும் போட்டோம். யுனிகோடில் அடிக்கப் பழகினால் எழுத்துரு தேடும் வேலையே இல்லை, நிர்மலா என்ற யுனிகோட் எழுத்துரு விண்டோஸோடே வருகிறது என்றும் சொல்லிப் பார்த்தோம். கல்வி வலயத்துக்குப் பாமினியில்தான் அனுப்ப வேண்டுமாம். வேறொரு கணினியில் இருந்த டி.டி.எஃப். கோப்பைப் பென் டிரைவில் கொடுத்துவிட்டோம்.

கடைசியாக மூன்று முறை ரீஸ்டார்ட். ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் தொடாமல் விட்டு, டாஸ்க் ஷெட்யூலரையும் எக்ஸ்குளூஷன்ஸையும் மறுபடி திறந்து பார்த்தோம். மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஓடச் சொன்ன வேலையும் இருந்ததால், நான்காவது முறை ஒன்றரை மணித்தியாலம் இணையத்தோடு ஓடவிட்டோம். இரண்டு பட்டியலிலும் அது மறுபடி எட்டிப்பார்க்கவில்லை.